மீட்டருக்கு ஒரு வாழையிலை

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஒரு மீட்டர் செத்துப்போனது.

பயந்துவிடாதீர்கள். வாசலில் மாட்டியிருக்கும் கரண்டு மீட்டர் இல்லை. பேட்டரியில் உயிர் இருக்கிறதா, வயரில் கரண்டு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்களே, ஊசி வைத்த கறுப்புப் பெட்டி... அது. என் வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் வேலையை விட்டு எத்தனையோ வருடமாகிறது. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் விடவில்லை. டார்ச் லைட் எரியவில்லை என்றால்கூட அதைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எனக்கே தெரியும். நான் சொன்னால் ஆகாது. ஊசி சொல்லவேண்டும் அவருக்கு!

அந்த ஊசிதான் படுத்துவிட்டது. கண்ணாடியை நகத்தால் தட்டினார். பெட்டியைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார். ஊசி அசையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்து வரவில்லை. முகம் தொங்கிப்போய்விட்டது.

எங்கள் மகன் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனுக்குப் போன் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போயிருக்கிறான். சாயந்தரம் வீட்டுக்கு வரும்போது கையில் புது மீட்டர். ஊசியே கிடையாது. கண்ணாடியில் நம்பர் வருகிறது. கூடவே 'பீப்' என்று ஒரு சத்தம் வேறு.

"அவ்ளோதான்மா. இதுக்குப் போயா அழுவுற மாதிரி போன் பண்ணீங்க?"

அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடிந்துபோகிற வேலை. ஃபிரிட்ஜ் போனால் ஃபிரிட்ஜ், பல் போனால் பல்... இப்போது எதற்குத்தான் மாற்று இல்லை?

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மகனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அவன் பிறப்பதற்கு முன்னால், இதே மாதிரி ஒரு மீட்டர் செத்து, அதற்கு மாற்று கிடைக்காமல், நான் இவரையே தொலைத்திருப்பேன்.

ஜப்பான்காரன் காலம் அது.

மலாக்கா டவுனை ஒட்டிய காஜா பேராங்கில் ரோட்டோரமாக எங்களுக்கு ஒரு சின்னக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் கிராமம், கம்போங் என்பார்கள். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. இவர் ரேடியோவைப் பிரித்து உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களிடம் பேசுவதும், எந்தப் பெட்டி யாருடையது என்று நினைவில் வைத்துக்கொள்வதும் என் வேலை. அவரைப் பேசவிடக்கூடாது, அதுதான் காரணம். வாயைத் திறந்தால் உண்மை மட்டும்தான் வரும் அவருக்கு. 'இது தேறாது, தூக்கிப் போடுங்க' என்று ரேடியோவை ஆசையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தவர் முகத்துக்கு நேராகவே சொல்வார். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று கடைக்காரர்களின் மனைவிமாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் ரேடியோ வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்றார்கள். வெளிநாட்டுச் செய்தி எதுவும் காதில் விழாதபடி உள்ளே சிலவற்றைக் கழற்றிவிடுவார்கள். கழற்றுவதற்கு ஆள் வேண்டுமே? இவரைப் பிடித்துக்கொண்டார்கள். கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்தார்கள். அதில் சிவப்பாக ஒரு முத்திரை.

அந்தப் பட்டை கையில் இருந்தால் சயாம் இல்லை.

சயாம் என்றால் என்னவென்று உங்களில் பலருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தோட்டத்தில் பிடித்தார்கள், பாசாரில் பிடித்தார்கள், ரோட்டில் சும்மா நடந்துபோனவர்களையும் பிடித்தார்கள். குருபோங்கில் இருந்த என் சித்தப்பா மகன், "போயிட்டு வந்துர்றேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினான். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு குளிக்கும்போதுகூட இவரைப் பட்டையைக் கழற்றவிடமாட்டேன். "நனைஞ்சிரும் மரகதம்" என்பார். நனையட்டும்! துணிதானே, காய்ந்துவிடும்.

ஆனால் ஒன்று. பட்டை இவர் முகத்துக்காகக் கொடுத்தது இல்லை. வேலைக்காகக் கொடுத்தது. வேலை எப்படி நடக்கிறது? மீட்டரால் நடக்கிறது.

அந்த மீட்டருக்கோ வயதாகிவிட்டது. ஜப்பான் சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் பழசாக வாங்கியது. கடல் காற்று வேறு. ஊசி பாதி வழியில் நின்றுவிடும். இவர் கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். 'ஓ, நானா?' என்கிற மாதிரி ஊசி கிளம்பிப் போகும். புதுசு வாங்கலாம் என்றால் கப்பல் எங்கே, கடை எங்கே? தட்டித் தட்டியே ஓட்டினார்.

ஒருநாள் காலையில் ஜப்பான் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி ஒருவர் வந்தார். நம் தமிழர்தான். பின்னாலேயே இரண்டு பேர் ஒரு பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்கள். ஒலிபெருக்கிக்கு உயிர் கொடுக்கிற பெட்டி அது.

"ரேடியோக்காரரே, வர்ற திங்கக்கெழம காலையில மைதானத்துல பெரிய ஆபீசர் பேசுறாரு. இந்தப் பொட்டி பேசணும்."

"பாக்குறேன். ஆனா திங்கக்கெழமைக்குள்ள முடியும்னு சொல்ல முடியாது" என்றார் இவர். உண்மை! எங்கே வந்தாலும் உண்மை! நான் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

கிராணி குரலைத் தாழ்த்தினார். "இப்படியெல்லாம் அங்க வந்து சொல்லிறாதீங்க. பொட்டி பேசலேன்னா பட்டையக் கழட்டிக் குடுக்கச் சொல்லிருவாங்க. அடுத்த லாரியில எடம் இருக்கு."

அவர் மிரட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அன்றைக்கே மத்தியானம் மீட்டர் நின்றது.

தட்டினார். போகவில்லை. பலமாகத் தட்டினார். போகவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு சுருள் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. டவுனில் கடிகாரம் பழுது பார்க்கிற சீனரிடம் கொண்டுபோனார். அவர் கண்ணில் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

"ஒரு பல்ப மாட்டிப் பாக்க முடியாதா?" என்று கேட்டேன். கடையில் அப்படியும் செய்வார், பார்த்திருக்கிறேன்.

"பல்பு, கரண்டு வருதா வரலையான்னு சொல்லும். எவ்வளவு வருதுன்னு சொல்லாது. இந்தப் பொட்டியில எல்லா எடத்துலயும் வருது... எங்கியோ கொறைச்சலா வருது. எங்கன்னு தெரியாம நான் எதைக் கழட்டுவேன்?"

சொல்லிவிட்டுப் பட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அன்றைக்கு அடுப்பில் வைத்த மரவள்ளிக் கிழங்கு தீய்ந்துபோனது. இருவருக்குமே வாசனை தெரியவில்லை.

மறுநாள் காலையில் இருவருமாகக் கிளம்பிவிட்டோம். டவுனில் ராவுத்தர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். பூட்டு, கீல், திரி விளக்கு, சைக்கிள் சாமான் என்று ஒரு காலத்தில் உள்ளே நுழைய இடமிருக்காது. இப்போது அலமாரி எல்லாம் காலி. அவர் மட்டும் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஊசி வச்சதுதானே வேணும்? இருக்கு, இருக்கு" என்று உள்ளே போனார். துடைத்துக்கொண்டே ஒன்றைக் கொண்டுவந்தார். வட்டமான கண்ணாடி, நம்பர், ஊசி எல்லாம் இருந்தது.

இவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது லாரி எவ்வளவு வேகமாப் போவுதுன்னு காட்டுறது."

"ஒங்க கரண்டும் வேகமாத்தானே தம்பி போவுது?"

சிரிப்பதா அழுவதா? நான் சிரித்தேன். ராவுத்தரும் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவருடைய சிரிப்பு நின்றது.

"இல்ல தங்கச்சி. மீட்டருக்கு நான் எங்க போவேன்? இரும்பையெல்லாம் வழிச்சி எடுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க. ஒரு ஆணி கெடையாது இந்தக் கடையில. ஆணி வேணும்னு வர்றவங்ககிட்ட, ஒங்க வீட்டுப் பலகையில இருந்து புடுங்கிட்டு வாங்க, நான் நிமித்திக் குடுக்குறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

திரும்பி நடந்து வந்தோம். வழியில் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"நான் போய்ட்டா நீ ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு."

எனக்கு வந்ததே கோபம்! "வாயக் கழுவுங்க!" என்று நடு ரோட்டில் கத்திவிட்டேன். கோபம் இல்லை அது. உங்களுக்குத் தெரியாதா என்ன?

சாயந்தரம் பின்வேலிப் பக்கம் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் காக் தெய்வானை வந்து நின்றார்.

காக் என்றால் அக்கா. செட்டிகள் தமிழ்ப் பேர் வைப்பார்கள், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், வீட்டில் பேசுவதோ மலாய். என்னுடைய மலாய் அப்போது அரைகுறை. அவருக்குத் தெரிந்த தமிழ் சாமி பேர்களோடு சரி. ஆனாலும் எங்களுக்குள் பேச்சு நின்றதே கிடையாது. அவரும் அவர் வீட்டாரும் சொன்னதை இங்கே என் தமிழில் போடுகிறேன்.

காக் தெய்வானை அதிகம் சிரிக்கமாட்டார். புருஷன் சண்டைக்கு முன்பே இறந்துவிட்டார். தந்தி ஆபீசில் கம்பி லைன் பார்த்தவராம். புருஷனின் அண்ணன்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர். வேலி ஓரமெல்லாம் காக் அன்னாசி போட்டிருந்தார். பஞ்ச காலத்தில் அந்த அன்னாசி எங்கள் வீட்டுக்கும் எத்தனையோ தடவை வேலி தாண்டி வந்திருக்கிறது.

"ஏன் அழுவுற?"

சொன்னேன். மீட்டர், பெட்டி, திங்கட்கிழமை, லாரி... எனக்குத் தெரிந்த மலாய் முழுவதும் தீர்ந்துபோகும்வரை சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஊசி வச்ச பொட்டி எங்க வீட்டுலயும் இருக்கு" என்றார். "எங்க வீட்டுக்காரரோடது. லைனுக்குப் போறப்ப தோள்ல மாட்டிக்கிட்டுப் போவாரு."

கையிலிருந்த கிழங்கு கீழே விழுந்துவிட்டது.

"சந்தோசப்படாத. அபாங் குடுக்கமாட்டாரு."

அபாங் என்றால் அண்ணன். புருஷனின் அண்ணனைத்தான் சொல்கிறார். ஏன் கொடுக்கமாட்டார் என்பதையும் சொன்னார். அவர்களுக்குப் பார்ச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு முதல் நாள் ஒரு தடவை, பழக்காலத்தில் ஒரு தடவை, வீட்டில் இறந்துபோனவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். இறந்தவர்கள் நிம்மதியாக வந்து சாப்பிட வேண்டாமா? இந்த வீட்டில் தம்பியின் இலைக்குப் பக்கத்தில் சாப்பாட்டோடு அந்த மீட்டரையும் வைப்பார்களாம். உயிரோடு இருந்தபோது அதில்லாமல் அவர் எங்கேயும் போனதில்லையாம்.

நானும் இவருமாகப் போய்ப் பெரியவரைப் பார்த்தோம். ஒல்லியான மனிதர். எங்களை உட்காரவைத்து, பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். தேக்குமரம், பித்தளைத் திருகுகள், துணி சுற்றிய இரண்டு வயர்கள். இவர் அதைத் தொடவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பசித்தவன் அடுத்தவன் தட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

"இது தம்பி சாமான்" என்றார் பெரியவர். "நான் எப்படித் தூக்கிக் குடுக்குறது? இலை போடுறன்னிக்கு வந்து தேடுவானே? எங்கண்ணேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவர் நல்லவர். அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

காக் தெய்வானை உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னார். "அப்ப அவரையே கேளுங்க, அபாங். சனிக்கெழம பார்ச்சுதானே?"

பெரியவர் யோசித்தார். "கேக்கலாம். அவன் சரின்னு சொன்னா எடுத்துக்கிட்டுப் போங்க."

"அவரு எப்படிச் சொல்லுவாரு?" என்று இவர் கேட்டார். கேட்டேவிட்டார்!

"சொல்ற விதத்துல சொல்லுவான்" என்றார் பெரியவர், கோபமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்து இவர் புலம்பியதைக் கேட்கவேண்டுமே. செத்தவர் எப்படிச் சம்மதம் சொல்வார்? சொன்னாலும், இத்தனை வருடம் சும்மா கிடந்த பெட்டி உயிரோடு இருக்கிறதா? ஊசி துருப்பிடித்துக் கிடந்தால்? 'தொட்டுப் பாக்கக்கூட விடலையே' என்று சனிக்கிழமை வரை இதேதான். நான் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். செட்டிகளின் மாரியம்மனையும் சேர்த்துத்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் போனோம்.

வருடா வருடம் அந்த வீட்டில் என்னென்னவோ சமைப்பார்களாம். அந்த வருடம் அரிசி ஏது? கிழங்கும் பழமும்தான். ஆனால் பழத்தை இலையில் நிறைத்திருந்தார்கள். ரம்புத்தான், மங்குஸ்தான், மாம்பழம், சதுரம் சதுரமாக நறுக்கிய அன்னாசி... பக்கத்தில் விளக்கு. சாம்பிராணிப் புகை. தம்பியின் இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாழையிலை போட்டு, அதன்மேல் மீட்டர். மீட்டருக்குத் தனி இலை! அந்தப் பதற்றத்திலும் எனக்கு அது பிடித்திருந்தது.

பெரியவர் கைகூப்பி நின்று, தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நிதானமாக, எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசினார். "பக்கத்து வீட்டுக்காரங்க ஒன்னோட பொட்டியக் கேக்குறாங்க. அந்தாளுக்கும் ஒன் வேலை மாதிரிதான். குடுக்கலாமா? நீ சொல்லு."

இவர் கழுத்தை நீட்டி மீட்டரை எட்டிப் பார்த்தார். "ஊசி ஜீரோவுல நிக்குது" என்று என் காதில் சொன்னார். அந்த நேரத்திலும் அது வேண்டியிருக்கிறது அவருக்கு.

எல்லாரும் வெளியே வந்தோம். காக் தெய்வானை மட்டும் இலைகளைச் சரிபண்ணிவிட்டுக் கடைசியாக வந்து கதவைச் சாத்தினார்.

வாசலில் உட்கார்ந்தோம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இவர் பட்டையின் முனையைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஒருவர், நான் பார்த்தே இராத ஒருவர், என் புருஷன் வீட்டில் இருப்பதா லாரியில் ஏறுவதா என்று முடிவு செய்யப்போகிறார். சிரிக்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தால் நீங்களும் வேண்டிக்கொண்டிருப்பீர்கள்.

பெரியவர் எழுந்தார். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு தடவை இருமினார். கதவைத் திறந்தார்.

ஊசி நகர்ந்திருந்தது.

அதிகம் இல்லை. ஜீரோவை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அப்படியே நின்றது. விளக்கு வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "சரி தம்பி... சரி" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. விழுந்து கும்பிட்டேன்.

இவர்? இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

"பேட்டரி இல்லாம ஊசி ஏறாதே..."

இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். இன்றைக்கும் அந்த இடம் வலிக்கிறது என்கிறார்.

"ஏறிருச்சில்ல? வாய மூடிக்கிட்டு நில்லுங்க!"

காக் தெய்வானை முந்திக்கொண்டு உள்ளே போனார். மீட்டரை எடுத்தார். வயர்களைச் சுருட்டினார். பூப்போட்ட ஒரு பத்தேக் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். வழக்கம்போல் முகத்தில் ஒன்றும் இல்லை. பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இலை போடும் நாளில் பெட்டி அதன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். வந்துவிடும் என்று சத்தியம் செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. துணியைப் பிரித்தார். ஒரு வயரின் முனையில் வெறும் செம்புக் கம்பி. இன்னொரு வயரைச் சுருளிலிருந்து பிரித்தார். அதன் முனையில் ஓர் ஆணி கட்டியிருந்தது. தகரக் கூரைக்கு அடிப்பார்களே, துத்தநாகம் பூசிய நல்ல ஆணி, அது. தொட்டுப் பார்த்தார், பிசுபிசுத்தது. மோந்து பார்த்தார்.

"மரகதம்... அன்னாசி!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். செம்பு ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம், நடுவில் புளிப்பு. அவ்வளவுதான் பேட்டரி. அன்னாசித் துண்டில் இரண்டையும் குத்தினால் துளி கரண்டு வரும். நல்ல மீட்டராக இருந்தால் ஊசி ஏறும். தந்தி ஆபீஸ்காரர்கள் வேடிக்கைக்குச் செய்து காட்டுகிற வித்தையாம். இலைக்கு அடியில் வயரை விட்டு, பழத்தில் குத்தியிருக்கிறார். கதவைச் சாத்துவதற்கு முன்னால் கடைசியாக உள்ளே இருந்தது யார்?

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவர்தான். அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மீட்டர் உயிரோடு இருக்கிறது! பழச்சாறு அளவுக்குச் சின்னக் கரண்டைக்கூடக் கண்டுபிடிக்கிறது! அந்தச் சந்தோஷம் அவருக்கு. எனக்கு வேறு சந்தோஷம்.

சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரியும், உண்மை கிளம்பிவிட்டது!

"பெரியவர்கிட்டச் சொல்லிரணும். அவரு தம்பி வந்தாருன்னு நெனச்சிக்கிட்டு அழுவுறாரு."

"சொல்லுங்க. சொல்லிட்டு அப்படியே போய் லாரியில ஏறிக்குங்க!"

"அதுக்கில்ல மரகதம். பொய்தானே?"

"எது பொய்? இந்த வித்தைய காக்குக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அவங்க வீட்டுக்காரர்தானே? தன்னோட பொட்டி, தன்னோட வித்தை, தன்னோட பொஞ்சாதி கையி. இதுக்குமேல ஒரு மனுசன் எப்படிங்க சரின்னு சொல்லுவான்?"

சண்டையில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது. இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன். இவரும் கொஞ்ச நேரம் ஆணியை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் வாங்கிய சில தடவைகளில் அது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலையில் உட்கார்ந்தார். பெரிய கரண்டையும் அளந்து காட்டட்டும் என்று, செத்த மீட்டரின் உள்ளே இருந்த சாமான்களைக் கழற்றித் தேக்குப் பெட்டியோடு சேர்த்தார். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் நம்பர் எழுதி ஊசிக்குக் கீழே ஒட்டினார். எதையும் அறுக்கவில்லை, ஓட்டை போடவில்லை. அடுத்தவர் சாமான் என்கிற பயம். மத்தியானத்துக்குள் ஒலிபெருக்கிப் பெட்டியில் எங்கே குறைகிறது என்று ஊசி காட்டிவிட்டது. பழக்கத்தில் கண்ணாடியைத் தட்டப் போனவர், கையை இழுத்துக்கொண்டார். இதற்குத் தட்டு தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை ஊர் முழுவதையும் மைதானத்தில் நிற்கவைத்தார்கள். வெயில். பெரிய அதிகாரி ஏறி நின்று ஜப்பான் மொழியில் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எப்போது முடியும் என்று கால் மாற்றி நிற்கிறார்கள். நான் மட்டும், இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரா என்று நிற்கிறேன். கரகரப்பு இல்லாமல், அழுத்தம் திருத்தமாக, மைதானத்துக் கடைசிவரை கேட்டதே! மலாக்காவில் அந்தப் பேச்சைக் காது குளிரக் கேட்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன்.

முடிந்ததும் கிராணி எங்கள் பக்கமாக வந்தார். இவர் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார். "கட்டு தளர்ந்திருக்கு. இறுக்கிக் கட்டிக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பக்கத்துக் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். இவர் வெயில் மறைக்கிற பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

ஜப்பான்காரன் போகும்வரை அந்தப் பெட்டிதான் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு பார்ச்சுக்கும் அதைத் துடைத்துக் கொண்டுபோய் அதன் இலையில் வைத்துவிட்டு வருவோம், மறுநாள் கேட்டு வாங்கிக்கொள்வோம். சண்டை முடிந்து வேறு மீட்டர் கிடைத்ததும் முறையாகத் திருப்பிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஊசி நகர்ந்ததா என்று பெரியவரை யாரும் கேட்கவில்லை. தம்பி ஒரு தடவை சொன்னது அவருக்குப் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து எந்த மீட்டர் வீட்டுக்கு வந்தாலும் முதல் பரீட்சை ஒன்றே ஒன்றுதான். போன செவ்வாய்க்கிழமையும் பாருங்கள், மகன் வாங்கிவந்த 'பீப்' மீட்டரைக் கையில் எடுத்ததும் இவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "மரகதம், அன்னாசி இருக்கா?" என்றார்.

அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மகன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அவனை உட்காரவைத்து இந்தக் கதையை முழுவதும் சொன்னேன். உங்களுக்குச் சொன்னதுபோலவே.

"அந்த காக் பெரிய ஆளும்மா! அப்புறம் நீங்க அதப் பத்தி அவங்ககிட்டக் கேக்கவே இல்லியா?" என்றான்.

கேட்கத்தான் போனேன். செவ்வாய்க்கிழமை காலையில், மைதானத்துப் பேச்சு முடிந்த மறுநாள், வேலிக்கு ஓடினேன். காலில் விழலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். காக் தெய்வானை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பேசிச்சா?" என்றார்.

"பேசிச்சு காக்."

"நல்லது."

கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டார். என் பக்கம் திரும்பினார். அதே முகம். கையை மட்டும் வேலிக்கு மேலே நீட்டினார்.

"அப்ப அந்த ஆணியக் குடு. கூரை ஒழுவுது."

பின்னே? மீட்டருக்காவது ஒரு மாற்று கிடைத்துவிட்டது... ஆணிக்கு எங்கே போவார்!